எர்நோ: ஒரு பெயர், பல முகவரிகள்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். கணினி படிக்காத உறவினர்களுக்கும் புரிய வேண்டும் என்று முயன்றிருக்கிறேன். நடுவில் சில பத்திகள் கடினமாகத் தெரிந்தால் தாண்டிப் போகலாம். ஆனால் என்னிடம் சி மொழி படித்தவர்கள் தாண்ட வேண்டாம். உங்களுக்கு நான் ஒரு பிழைதிருத்தம் தர வேண்டியிருக்கிறது.

2004-ஆம் வருடம். லேப் கணினிகளில் லினக்ஸின் புதிய பதிப்பைப் போட்டிருந்தோம். ரெக்கார்டு நோட்டில் ஒரு புரோகிராம் உண்டு, நினைவிருக்கும். இல்லாத ஒரு ஃபைலைத் திறக்கப் பார்த்து, ஏன் திறக்கவில்லை என்ற பிழை எண்ணை அச்சிடுவது. அந்த எண் இருக்கும் மாறியின் பெயர் எர்நோ. ஹெடர் ஃபைலைச் சேர்க்காமல், 'எக்ஸ்டர்ன் இன்ட் எர்நோ' என்று மேலே ஒரு வரி எழுதச் சொல்லிக்கொடுத்தது நான்தான். பல வருடமாக ஓடிய புரோகிராம். அன்று எல்லாக் கணினியிலும் நின்றுவிட்டது. லிங்கர் சொன்னது இதுதான்: எர்நோவின் வரையறை டிஎல்எஸ் வகை, உன் புரோகிராமில் உள்ள குறிப்பு அந்த வகை இல்லை, பொருந்தவில்லை.

"புது லினக்ஸில் ஏதோ கோளாறு, பழையதையே போடுங்கள்" என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், எர்நோ இப்போ சாதாரண மாறி இல்ல சார். ஹெடர் ஃபைலைத் திறந்து பார்த்தேன், அங்க ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுது" என்றான். "புத்தகத்தில் என்ன போட்டிருக்கு? அதை எழுது, போதும். உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான்.

அவன் சொன்னது சரி. ஏன் சரி என்பதுதான் இந்தப் பதிவு.

கதை பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை வளர்த்தெடுத்த பிடிபி-11 கணினியில், ஒரு புரோகிராம் கெர்னலிடம் எதையாவது கேட்டு அது முடியாமல் போனால், கெர்னல் இரண்டு காரியம் செய்யும். கேரி என்ற ஒற்றை பிட்டை 1 ஆக்கும். ஆர்-0 என்ற ரெஜிஸ்டரில் பிழை எண்ணை வைக்கும். சி மொழியில் எழுதுகிறவருக்குக் கேரி பிட்டும் தெரியாது, ஆர்-0-வும் தெரியாது. ஆகவே நடுவில் அசெம்ப்ளியில் எழுதிய ஒரு சின்ன ஒட்டு தேவைப்பட்டது. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் அந்த ஒட்டு சில வரிகள்தான்: ஆர்-0-வில் இருப்பதை எர்நோவுக்கு நகர்த்து, ஆர்-0-வில் மைனஸ் 1 வை, திரும்பிப் போ.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அசெம்ப்ளி எழுதியவர் எர்நோ என்ற பெயரை நேரடியாக எழுதினார். லிங்கர் அந்தப் பெயரை எடுத்துவிட்டு நினைவகத்தின் ஒரு முகவரியை அங்கே வைத்தது. ஒரு பெயர், ஒரு முகவரி. நான் வகுப்பில் கரும்பலகையில் கோடு போட்டு எழுதிய வாக்கியமும் இதுதான்: "குளோபல் மாறிக்குப் புரோகிராம் முழுவதற்கும் ஒரே முகவரி." அன்றைக்கு அது உண்மை. ஏனென்றால் ஒரு புரோகிராமுக்குள் ஒரே ஒரு வேலைதான் வரிசையாக ஓடும்.

பிறகு த்ரெட்டுகள் வந்தன. ஒரே புரோகிராமுக்குள் நாலைந்து வேலைகள் ஒரே சமயத்தில், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு ஓடும். ஒரே வீட்டில் நாலு பேர் சமைப்பது போல. இப்போது எர்நோவின் கதியைப் பாருங்கள். முதல் த்ரெட் ஒரு ஃபைலைத் திறக்கப் பார்க்கிறது; அப்படி ஒரு ஃபைலே இல்லை; எர்நோவில் 2 விழுகிறது. அதை எடுத்துப் படிப்பதற்குள் இரண்டாவது த்ரெட் வேறொரு ஃபைலைத் தொடுகிறது, அனுமதி இல்லை, அதே இடத்தில் 13 விழுகிறது. முதல் த்ரெட் எட்டிப் பார்க்கும்போது 13. ஃபைல் இல்லை என்பதற்குப் பதிலாக அனுமதி இல்லை என்று நினைத்துக்கொண்டு தவறான வழியில் போகும். இந்த வகைப் பிழை தினமும் வராது. பத்தாயிரம் தடவை சரியாக ஓடிவிட்டு, ஒரு தடவை மட்டும் காலை வாரும். கண்டுபிடிப்பது மகா கஷ்டம்.

அப்படியானால் எர்நோவை எடுத்துவிடலாமே என்றால் முடியாது. அதற்குள் உலகம் முழுக்க சி புரோகிராம்களில் அந்தப் பெயர் ஏறிவிட்டது. பெயரை மாற்றாமல் பொருளை மாற்ற வேண்டும். நல்லவேளையாக 1989-இல் வந்த அமெரிக்க சி தர ஆவணம் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. எர்நோ என்பது மாறியாகவும் இருக்கலாம், மேக்ரோவாகவும் இருக்கலாம். ஒரு முழு எண்ணைப் படிக்கவும் எழுதவும் முடிந்தால் போதும் என்று அது சொன்னது. 1995-இல் த்ரெட்டுகளுக்கான போசிக்ஸ் தரம் வந்தபோது, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அதனதன் எர்நோ இருக்க வேண்டும் என்று விதித்தது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி, எர்நோ என்ற பெயரை ஒரு ஃபங்ஷன் அழைப்பாக மாற்றியது. அந்த ஃபங்ஷன், "இப்போது ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டின் எர்நோ எங்கே இருக்கிறது" என்று முகவரியைத் தரும். கடைசி வரிசைப் பையன் ஹெடர் ஃபைலில் பார்த்தது இதைத்தான்.

சொந்தக்காரர்களுக்காக ஒரு உதாரணம். "என் வீடு" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எல்லோரும் அதே இரண்டு சொற்களைத்தான் சொல்கிறோம். நான் சொன்னால் ஒரு கதவிலக்கம், என் தங்கை சொன்னால் வேறொன்று. சொல்லில் முகவரி இல்லை. சொல்கிற ஆளைப் பார்த்தால்தான் முகவரி தெரியும். எர்நோவும் அப்படி ஆகிவிட்டது.

எர்நோவுக்கு மட்டும் அல்லாமல் எந்த மாறிக்கும் இதைச் செய்ய வழி வேண்டும் அல்லவா? போசிக்ஸ் முறையில் ஒரு சாவி வாங்கி, ஒவ்வொரு தடவையும் ஃபங்ஷனைக் கூப்பிட்டு மதிப்பை எடுக்க வேண்டும். வேலை நடக்கும், ஆனால் மெதுவு, எழுதவும் அலுப்பு. "இந்த மாறி த்ரெட்டுக்கு ஒன்று" என்று ஒரு சொல்லில் அறிவித்துவிட்டு, மீதியைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனைதான் த்ரெட்-லோக்கல் ஸ்டோரேஜ், சுருக்கமாக டிஎல்எஸ். 32-பிட் விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் இதைக் கொடுத்தது. லினக்ஸ் பக்கம் 2002-இல் வந்த ஜிலிப்சி 2.3, 2003-இல் வந்த ஜிசிசி 3.3 கம்பைலர், அதே வருடக் கடைசியில் வந்த லினக்ஸ் 2.6 கெர்னல் மூன்றும் சேர்ந்து இதைச் சாத்தியமாக்கின. உல்ரிச் டிரெப்பரும் இங்கோ மோல்னாரும் இதில் முக்கியமானவர்கள். 2011-இல் சி, சி++ இரண்டின் தர ஆவணங்களிலும் இது ஏறியது.

கம்பைலர் எப்படிப் பார்த்துக்கொள்கிறது? இங்கே பழைய கிடங்கிலிருந்து ஒரு பொருள் வெளியே வருகிறது. 1985-இல் வந்த இன்டெல் 80386 சில்லில் எஃப்எஸ், ஜிஎஸ் என்று இரண்டு செக்மென்ட் ரெஜிஸ்டர்களைக் கூடுதலாக வைத்திருந்தார்கள். நினைவகத்தை ஒரே சமதளமாகப் பார்க்கும் இயங்குதளங்களில் அவை பெரும்பாலும் சும்மா கிடந்தன. அவற்றில் ஒன்றை, ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டின் சொந்த இடத்தைக் காட்டும் கைகாட்டியாக ஆக்கிக்கொண்டார்கள். 32-பிட் விண்டோஸ் எஃப்எஸ்ஸை எடுத்தது, 32-பிட் லினக்ஸ் ஜிஎஸ்ஸை எடுத்தது. 64-பிட்டுக்கு வந்தபோது வேடிக்கையாக இடம் மாறி, லினக்ஸ் எஃப்எஸ்ஸுக்கும் விண்டோஸ் ஜிஎஸ்ஸுக்கும் போயின. த்ரெட் மாறும்போது இயங்குதளம் இந்தக் கைகாட்டியையும் மாற்றிவிடும். ஆகவே "கைகாட்டி காட்டும் இடத்திலிருந்து இத்தனை பைட்டு தள்ளி" என்று கம்பைலர் எழுதினால், எந்த த்ரெட் ஓடுகிறதோ அதன் மாறி கிடைக்கும்.

அந்த "இத்தனை பைட்டு" எப்போது தெரியும் என்பதில்தான் சூட்சுமம். முதன்மைப் புரோகிராமிலேயே உள்ள மாறி என்றால் லிங்க் செய்யும்போதே தெரிந்துவிடும். ஒரே கட்டளையில் வேலை முடியும். ஓடும்போது வந்து சேரும் நூலகத்தில் உள்ள மாறி என்றால் முன்கூட்டித் தெரியாது. ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுத்தான் முகவரியைக் கேட்க வேண்டும். இப்படி நான்கு மாதிரிகள் இருக்கின்றன. சி மொழியில் நாம் எழுதும் வரி நான்கிலும் ஒன்றேதான். கீழே உண்டாகும் கட்டளைகள் வேறு வேறு.

இப்போது இன்லைன் அசெம்ப்ளிக்கு வருவோம். சி புரோகிராமின் நடுவில், "இந்த இடத்தில் நானே இயந்திரக் கட்டளை எழுதுகிறேன்" என்று சில வரிகளை நுழைப்பது அது. இதில் பலருக்குத் தெரியாத விஷயம்: நாம் எழுதும் அந்த அசெம்ப்ளி வரிகளை ஜிசிசி படித்துப் பொருள் புரிந்துகொள்வதில்லை. அதற்கு அது வெறும் எழுத்துக்கோவை. நாம் காலியாக விட்ட இடங்களை நிரப்பி, அப்படியே அசெம்ப்ளரிடம் தள்ளிவிடும். உள்ளே எந்த மாறியைத் தொடுகிறோம், எந்த ரெஜிஸ்டரைக் கெடுக்கிறோம் என்பதை நாம்தான் பக்கத்தில் பட்டியல் போட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு த்ரெட்-லோக்கல் மாறியில் 1 கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 1979-ஆம் வருடப் பழக்கத்தில், கூட்டு என்ற கட்டளைக்குப் பக்கத்தில் மாறியின் பெயரை அசெம்ப்ளி வரிக்குள்ளேயே எழுதிவிடுகிறார். கம்பைலர் உள்ளே பார்க்காது. அசெம்ப்ளர் அதைச் சாதாரணப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஆனால் டிஎல்எஸ் மாறியின் பெயருக்கு நேர் முகவரி என்று ஒன்று கிடையாது. அதன் மதிப்பு ஒரு தூரக் கணக்கு மட்டும். தபால் உறையில் பெறுநர் முகவரியாக "என் வீடு" என்று எழுதிப் பெட்டியில் போட்டது போலத்தான். அதிர்ஷ்டம் இருந்தால் லிங்கர் தடுத்து நிறுத்தும். இல்லாவிட்டால் கடிதம் வேறு எங்கோ போகும்.

இன்னொருவர் அசெம்ப்ளி வரியில் பெயரை எழுதாமல் இடத்தைக் காலியாக விட்டு, "இந்த மாறியை நினைவக இடமாக இங்கே நிரப்பு, நான் இதைப் படித்து மாற்றவும் போகிறேன்" என்று பட்டியலில் சொல்கிறார். இப்போது முகவரி எழுதுவது கம்பைலரின் வேலை. முதன்மைப் புரோகிராம் என்றால் எஃப்எஸ்ஸிலிருந்து இத்தனை தூரம் என்று நிரப்பும். நூலகம் என்றால், முதலில் ஃபங்ஷனைக் கூப்பிட்டு முகவரியை ஒரு ரெஜிஸ்டரில் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த ரெஜிஸ்டரை நிரப்பும். மனிதர் எழுதிய வரி மாறவில்லை. சூழலுக்குத் தக்கபடி சரியான முகவரி வந்து உட்காருகிறது.

வரலாற்றில் இதற்கு நல்ல சாட்சி உண்டு. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் லினக்ஸான 0.01-இல், கெர்னலைக் கூப்பிடும் மேக்ரோக்கள் இன்லைன் அசெம்ப்ளியில்தான் இருந்தன. ஆனால் அசெம்ப்ளிக்குள் நடப்பது கூப்பிடுவது மட்டும். விடை கைக்கு வந்தபின், அது எதிர்மறை எண்ணாக இருந்தால் எர்நோவில் வைக்கும் வேலை வெளியே, சி மொழியில் நடந்தது. எர்நோவின் பெயர் அசெம்ப்ளிக்குள் வரவே இல்லை. இப்படி எழுதிய நிரல் எர்நோவின் பொருள் மாறினாலும் தப்பிக்கும். ஹெடர் ஃபைல் சொல்வதைக் கேட்டால் போதும். பெயரை உள்ளே பொதித்து வைத்தது தப்பிக்காது.

நான் 2004-இல் பார்த்த பிழையும் இந்தக் குடும்பம்தான். எனக்கு மட்டும் வந்ததும் இல்லை. டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய க்யூமெயில் போன்ற பெயர்பெற்ற மென்பொருளிலேயே, எர்நோவைச் சாதாரணக் குளோபல் மாறியாக அறிவித்த ஒரு வரி இருந்ததால், புதிய ஜிலிப்சியில் அதே லிங்கர் பிழை வந்து நின்றது. அந்த வரியை எடுத்துவிட்டு ஹெடர் ஃபைலைச் சேர்த்தால் தீர்ந்தது. நானோ லினக்ஸையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் இப்போது ஏன்? போன மாதம் அந்தக் கடைசி வரிசைப் பையனிடமிருந்து போன் வந்தது. பையன் என்ன, காதோரம் நரைத்த ஆள். "சார், மூணு நாளா ஒரு பிழை பிடிபடல. கடைசியில பார்த்தா எர்நோ சார்! உங்க ஞாபகம் வந்துச்சு" என்றான். அவன் எழுதும் நூலகத்தில் சின்னச் சின்ன வேலைகளை ஒரு த்ரெட்டில் பாதியில் நிறுத்தி, இன்னொரு த்ரெட்டில் தொடர வைக்கிறார்கள். அதற்காக இன்லைன் அசெம்ப்ளியில் ஸ்டாக்கையே மாற்றுகிறார்கள். ஒரு ஃபங்ஷன் முதல் த்ரெட்டில் தொடங்கி, நடுவில் அந்த மாற்றம் நடந்து, இரண்டாவது த்ரெட்டில் முடிகிறது. முடியும்போது எர்நோவைப் பார்த்தால் முதல் த்ரெட்டின் எர்நோ வருகிறது.

காரணத்தை அவனே விளக்கினான். ஒரு ஃபங்ஷன் தொடங்கிய த்ரெட்டிலேயேதான் முடியும் என்று கம்பைலர் நம்புகிறது. ஆகவே த்ரெட்டின் முகவரியை ஒரு தடவை கணக்கிட்டுக் கையில் வைத்துக்கொள்கிறது. ஜிலிப்சியும், எர்நோவின் இடத்தைத் தரும் ஃபங்ஷன் எப்போது கூப்பிட்டாலும் அதே விடைதான் தரும் என்று கம்பைலருக்கு உறுதி கொடுத்திருக்கிறது. "நினைவகம் மாறியிருக்கலாம்" என்று அசெம்ப்ளிப் பட்டியலில் சொன்னாலும் பயனில்லை. நினைவகத்தில் உள்ள பொருள் மாறியது என்று சொல்ல முடிகிறது. நானே வேறு ஆளாகிவிட்டேன் என்று சொல்ல அந்தப் பட்டியலில் இடமே இல்லை. மாற்றலாகி வேறு ஊருக்குப் போன வாத்தியார், சட்டைப்பையில் உள்ள பழைய முகவரிச் சீட்டைப் பார்த்துக்கொண்டு வீடு தேடுவது போல.

இது அவனுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் இப்படி த்ரெட் மாறும் ஃபைபர்களுக்காகவே தனி விருப்பம் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் கம்பைலர் பழைய சீட்டை நம்பாது. கியூஎமு என்ற புகழ்பெற்ற மென்பொருளில் 2022-இல் இதே சிக்கலுக்கு ஒரு தீர்வு சேர்த்தார்கள். டிஎல்எஸ் மாறியைப் படிப்பதையும் எழுதுவதையும் தனித்தனிச் சின்ன ஃபங்ஷன்களில் வைத்து, அவற்றை வேறு ஃபங்ஷனோடு கலக்கக் கூடாது என்று கம்பைலருக்குக் கட்டளையிட்டு, உள்ளே ஒரு இன்லைன் அசெம்ப்ளி வரியையும் வைத்தார்கள். அந்த அசெம்ப்ளி வரிக்குள் ஒரு கட்டளைகூட இல்லை. காலி! இங்கே எதுவோ நடக்கிறது, ஊகிக்காதே என்று கம்பைலரை நிறுத்தி வைப்பதற்காக மட்டும் அது இருக்கிறது.

1979-இல் எர்நோவை நேராகத் தொட்ட அசெம்ப்ளி வரி. 2022-இல் எதையும் தொடாத அசெம்ப்ளி வரி. நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல். அந்த இடைவெளியில் மாறியது ஒரு நம்பிக்கை: பெயர் தெரிந்தால் முகவரி தெரிந்தது போல என்ற நம்பிக்கை. நான் வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்ததும் அதே நம்பிக்கைதான்.

ஆகவே என் மாணவர்கள் பழைய நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள். "குளோபல் மாறிக்குப் புரோகிராம் முழுவதற்கும் ஒரே முகவரி" என்ற வரிக்குப் பக்கத்தில், "த்ரெட்-லோக்கல் என்று அறிவித்திருந்தால் த்ரெட்டுக்கு ஒரு முகவரி, அந்த முகவரியை எழுதும் வேலை கம்பைலருடையது, இன்லைன் அசெம்ப்ளியில் பெயரை எழுதாதே, இடத்தை விட்டுக் கம்பைலரிடம் கேள்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 'எக்ஸ்டர்ன் இன்ட் எர்நோ' என்ற வரியை அடித்துவிடுங்கள்.

போனில் அவனிடம் 2004-ஐப் பற்றிக் கேட்டேன். "அப்படியா சார்? ஞாபகமே இல்லையே" என்று சிரித்தான். அவன் மறந்திருக்கலாம், அல்லது மரியாதைக்காக மறந்ததாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. அன்று வகுப்பு சிரித்தபோது நானும் சிரித்தேன். ஹெடர் ஃபைலைத் திறந்து பார்க்க எனக்கு ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்று நீ சொன்னது சரி. அதைச் சிரித்த வகுப்புக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும் என்றுதான் இங்கே எழுதினேன். அவர்களில் பாதிப் பேர் இங்கேதான் இருக்கிறார்கள்.

இதில் ஏதாவது தவறு இருந்தால் தயங்காமல் பின்னூட்டத்தில் எழுதுங்கள். இந்த முறை உட்காரச் சொல்ல மாட்டேன்.